கைக்கெட்டும் உயரம்

ஒதுக்குவது என்ற வார்த்தைக்குத் தமிழில் இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒருவருக்கென்று ஓர் இடத்தை வைப்பது ஒன்று. ஒருவரைத் தள்ளி வைப்பது மற்றொன்று. குழந்தை படம் வரைவதற்கென்று வீட்டில் ஓர் இடத்தை ஒதுக்கினேன். முதல் அர்த்தத்தில் செய்வதாக நம்பிக்கொண்டு இரண்டாவது அர்த்தத்தில் செய்துகொண்டிருந்தேனா என்பதுதான் இங்கே என் பிரச்னை.

மகளுக்கு நாலு வயது ஆனபோது கூடத்தில் வடக்குச் சுவரோரம் அந்த இடத்தை அமைத்தேன். ஆங்கிலம் படித்தவன் என்பதால் முதலில் புத்தகங்களைத் தேடிப் போனேன். வியன்னாவில் 1897இல் ஃபிரான்ஸ் சிஸெக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஓவிய வகுப்பு. குழந்தைப் படங்களை லட்சக்கணக்கில் சேகரித்துக் கிறுக்கலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டிய ரோடா கெல்லாக். அச்சிட்ட உருவத்துக்குள் வர்ணம் தீட்ட வைக்கும் புத்தகங்களை எதிர்த்த விக்டர் லோவன்ஃபெல்ட். சேவாகிராமத்தில் பல வருஷங்கள் குழந்தைகளுக்குக் கலை கற்பித்த தேவி பிரசாத். இவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சுருக்கினால் ஒன்றுதான் மிஞ்சும்: பெரியவன் பொருளைக் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே என்று யோசிக்கும்போதுதான் கொள்கை சோதனைக்கு வருகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு பலகை. அவளே எடுக்க, அவளே திருப்பி வைக்க. உட்கார்ந்து வரையக் கீழே பழைய ரெக்சின் துண்டு. மெழுகு வர்ணக் குச்சிகள் பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் குழந்தை வரைவதை விட்டுவிட்டுப் பொறுக்க ஆரம்பித்துவிடுகிறது. போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு. பச்சை வாங்கவில்லை, ஒருநாள் அவளே அதைக் கண்டுபிடித்து வீடு முழுவதும் சொல்லிக்கொண்டு ஓடினாள். அடுப்புக்கரி. சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் மஞ்சள்தூள். தேரிக்காட்டுச் செம்மண்ணைச் சலித்து வேலம்பிசினில் குழைத்தது. முனை மழுங்கிய கத்தரிக்கோல், மைதாப் பசை, ஈரப்படங்களைத் தொங்கவிடக் கொடியும் கிளிப்பும்.

காகிதம் என் உத்தியோகத்திலிருந்து வந்தது. 2020இல் பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டதில் பழைய பெயர் அச்சிட்ட செலான்கள் மூட்டை மூட்டையாகச் செல்லாமல் போயின. மேலாளரிடம் கேட்டு இரண்டு கட்டு கொண்டுவந்தேன். முன்பக்கம் ரூபாய், பைசா, பின்பக்கம் வெள்ளை. ஆனால் செலான் சின்னது. குழந்தையின் கோடு விரலிலிருந்து அல்ல, தோளிலிருந்து வருகிறது. ஆகவே பெரிய மாதக் காலண்டரின் தாள்களையும் சேர்த்தேன்.

இவ்வளவும் சரி. விலகி நிற்பதுதான் எனக்கு வரவில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி போட்டேன். வீட்டுக்கு வரும் எழுத்தாள நண்பர்களிடம் சிலவற்றை மட்டும் எடுத்துக் காட்டினேன். எதை எடுத்தேன், எதை விட்டேன் என்பதை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இது எங்கள் ஊரின் பழைய வியாபாரம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பாரிலிருந்து எடுத்துவந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவன் அழுகவிட்டு, கழுவி, தேடுவான். முத்து இல்லாத சிப்பி வெறும் நாற்றம். மகளின் தாள்களை நான் அப்படித்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கொச்சியில் 1976இல் பிறந்து, 1983இல் ஏழு வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோன எட்மண்ட் தாமஸ் கிளின்ட் சுமார் 25,000 படங்களை விட்டுச்சென்றதாகச் சொல்கிறார்கள். 2017இல் மலையாளத்தில் அவனைப் பற்றி ஒரு திரைப்படமும் வந்தது. நாம் அவனை ஒரு முத்தாகவே பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு அந்த எண்ணிக்கையின் மறுபக்கம்தான் தோன்றுகிறது. அத்தனை தாள்களை யாரோ அவன் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வரைந்து முடித்ததை யாரோ எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். எது முத்து என்று அன்றன்றைக்குப் பிரித்து மற்றதை எறிந்திருந்தால் இந்த எண்ணிக்கை நமக்கு வந்து சேர்ந்திராது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. மறுநாள் விடிவதற்குள் எங்கள் வீட்டு வாசற்படியைத் தண்ணீர் தாண்டிவிட்டது. மின்சாரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பரணுக்கு நான் எதை எதை எந்த வரிசையில் ஏற்றினேன் என்பது இன்றும் நினைவில் இருக்கிறது: பத்திரங்கள், சான்றிதழ்கள், அரிசி, பிறகு நான் சேர்த்துவைத்திருந்த சிற்றேடுகள், நாலு கட்டு. மகள் கட்டிலின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, என் தாளு?" என்று கேட்டாள். "இரும்மா, வாரேன்" என்றேன். நாலாவது கட்டை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது தண்ணீர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாண் உயரத்துப் பலகை எப்போதோ முங்கியிருந்தது. அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அவளுக்கு ஒரு தத்துவம் சொன்னேன். அம்மா போடும் கோலத்தைப் பார், தினம் மிதிபடுகிறது, தினம் புதிதாகப் போடுகிறாள். வரைவதில்தான் எல்லாம் இருக்கிறது, வைத்திருப்பதில் ஒன்றும் இல்லை என்றேன். கூடத்தில் சேறு வழித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்போ உங்க புஸ்தகத்தையும் விட்டிருக்கலாமே. அதான் படிச்சாச்சே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. நான் சொன்னது பொய் அல்ல என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஓர் உண்மையை யார், எப்போது சொல்கிறான் என்பதும் அந்த உண்மையைச் சேர்ந்ததுதான். கோலம் போட்டவள் அதைக் கலையவிடலாம். கலைத்தவன் நின்றுகொண்டு கோலத்தின் நிலையாமையைப் பேசக்கூடாது. ஒரு கொள்கை நமக்குச் சௌகரியமாக வந்து சேரும் நேரத்தில்தான் அதை அதிகம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் பொருளை வைப்பது அதன் சுதந்திரத்துக்காக என்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை இப்போது. உயரத்தைத் தீர்மானித்தது நான். மழை வந்தபோது எது மேலே போகும் என்று தீர்மானித்ததும் நான். அவளுக்குக் கிடைத்தது இடம், அதிகாரம் கிடைக்கவில்லை. எண்ணிக்கை முக்கியமல்ல, இருநூறு வாசகர் போதும் என்று இந்தப் பக்கங்களில் நாம் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். ஒரே பிரதி அச்சாகும் ஒரு வெளியீடு என் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. அதற்கு நான் சந்தாதாரன்கூட இல்லை. விமர்சகனாக மட்டும் இருந்தேன்.

சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. ஒரு வாரம் கழித்து அதற்குக் கீழே அவள் கரியால் வரைந்திருந்தாள்: மீன்கள், பலகை, பலகைமேல் சதுரம் சதுரமாகத் தாள்கள். இதற்கு அர்த்தம் சொல்ல என் கை துடித்தது. சொல்லவில்லை, தேதியும் போடவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தபோது அவளிடம் கேட்டேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அடிச்சிரலாம்பா" என்றாள்.

பலகை பழைய உயரத்திலேயே இருக்கிறது. அவள் கை அங்கேதான் எட்டுகிறது. பரணில் ஒரு சிற்றேட்டுக் கட்டை இறக்கி, அந்த இடத்தில் அவளுக்கென்று ஒரு தகரப்பெட்டி வைத்திருக்கிறேன். அதற்குள் எது போக வேண்டும் என்று அவள் சொல்வாள். நான் ஏற்றி வைக்க வேண்டும். இறக்கிய கட்டு அவளுடைய பலகைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இருக்கிறது.

போன மாதம் பெட்டியை இறக்கச் சொன்னாள். அதில் நான் எதிர்பார்த்தபடி படங்கள் இல்லை. எல்லாம் இன்னும் வரையாத தாள்கள்.