வீடும் காப்பீடும் தவக்குலும்

 

"ஹஜ்ரத், வீடு வாங்குகிறேன், இன்சூரன்ஸும் எடுக்கச் சொல்கிறார்கள், கூடுமா?" ஜும்ஆ முடிந்ததும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பக்கத்தில் நிற்பவர் முந்திக்கொண்டு, "அல்லாஹ் மேல் தவக்குல் வைத்தவனுக்கு இன்சூரன்ஸ் எதற்கு?" என்பார்.

அந்தப் பதில் சரியல்ல. உம்ராவுக்குப் புறப்படும்போது நல்ல திண்டுக்கல் பூட்டாகப் பார்த்துத்தானே வாசலில் போடுகிறோம்? ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்சத்துக்கு முன்பே ஏழு வருட விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள்.

பிரச்சினை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறீர்கள். ஒன்றும் நடக்காவிட்டால் பணம் நிறுவனத்துக்கு. தீப்பிடித்தால் கட்டியதைப் போலப் பல மடங்கு உங்களுக்கு. எது நடக்கும் என்பது கையெழுத்திடும்போது இருவருக்கும் தெரியாது. ஃபிக்ஹில் இதைத்தான் 'கரர்' என்கிறோம். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985-ல் இத்தகைய வணிகக் காப்பீடு ஹராம் என்றும், நன்கொடையாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. இலங்கையில் 1999 முதல் அமானா தகாஃபுல் இருக்கிறது. நமக்கு இங்கே அந்த வசதி இல்லை.

அதனால்தான் 1965-ல் லக்னோ நத்வத்துல் உலமாவில் கூடிய அறிஞர்களும், 1990களின் தொடக்கத்தில் இந்திய ஃபிக்ஹ் அகாடமியும், கலவரங்களில் நம் உடைமைகள் எரிவதைக் கருதி நிர்ப்பந்த நிலையில் அனுமதி தந்தார்கள். ஏற்காத உலமாக்களும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், அத்தா சேர்த்ததும் மனைவியின் நகையும் இந்த ஒரு வீட்டுக்குள் போயிருந்து, அது போனால் திரும்பக் கட்ட வேறு வழியில்லை என்றால், தேவையான அளவுக்கு எடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம், கலவரம் எல்லாவற்றையும் உள்ளடக்கியது. கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்கு எடுத்தால் போதும். மனையின் விலையைச் சேர்க்க வேண்டாம். இழப்பீடு வந்தால், கட்டிய பிரீமியத்துக்கு மேற்பட்டதை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே பேணுதல் என்று சொல்லும் முஃப்திகளும் உண்டு. இயன்றவர் அப்படிச் செய்யட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்குவதில்லை. கையில் வங்கிக் கடன் படிவத்தை வைத்துக்கொண்டு இன்சூரன்ஸை மட்டும் கேட்கிறார்களே! வட்டியைப் பற்றிக் குர்ஆனின் எச்சரிக்கை ஒளிவுமறைவற்றது. கடனோடு ஆயுள் காப்பீட்டையும் சேர்த்து, அந்தப் பிரீமியத்தையே கடனாக ஏற்றிவிடுவதும் நடக்கிறது. அப்போது அதற்கும் வட்டி ஓடும். எந்தத் தொகை எதற்கு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வங்கி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

அஷ்அரீ குலத்தார், உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது புகாரியில் இருக்கிறது. நம் மஹல்லாவில் ஒரு வீடு எரிந்தால் அரிசியும் பாத்திரமும் வந்துவிடும். கூரை வருமா? ஜமாஅத் நிர்வாகிகள் பைத்துல்மாலில் இதற்கென்று ஒரு கணக்குத் தொடங்கினால், முதல் சந்தா நான் தருகிறேன்.

அதுவரை, கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மஃரிபுக்குப் பிறகு வாருங்கள். உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.