ஊசிக்கு ஒரு கும்பிடு

டோக்கியோவின் அசகுசா பகுதியில் இருக்கும் சென்சோஜி கோயிலில், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 8 அன்று அவாஷிமா சந்நிதி முன்பாகப் பெரிய டோஃபு கட்டி ஒன்றை வைக்கிறார்கள். கிமோனோ தைப்பவர்கள், தையல் ஆசிரியைகள், பொழுதுபோக்காக எம்பிராய்டரி செய்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். பொட்டலத்தைப் பிரித்து, வளைந்ததும் முனை ஒடிந்ததுமான ஊசிகளை ஒவ்வொன்றாக டோஃபுவில் குத்திவிட்டுக் கைகூப்புகிறார்கள்.

சடங்கின் பெயர் ஹரி குயோ. பெருமாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பானிய மொழியில் ஹரி என்றால் ஊசி. ஆனால் குயோ நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். ‘பூஜை’ என்ற வடசொல்லுக்குச் சீனத்துப் பௌத்தர்கள் எடுத்தாண்ட சொல் அது. ஜப்பானுக்குப் போனபின், இறந்தவர்களுக்குச் செய்யும் கிரியை என்ற பொருள் அதில் ஓங்கிவிட்டது. கியோட்டோப் பக்கம் டிசம்பர் 8-இல் இதைச் செய்வார்கள். அங்கே டோஃபுவுக்குப் பதில் கொன்யாகு. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கிலிருந்து செய்யும் வழுவழுப்பான பண்டம். காலமெல்லாம் முரட்டுத் துணியோடு மல்லுக்கட்டிய ஊசி, கடைசியிலாவது மெத்தென்ற இடத்தில் படுக்கட்டும் என்பது எண்ணம்.

உயிரே இல்லாத ஊசிக்கு எதற்கு இந்த மரியாதை?

ஆதி பௌத்தத்தைக் கேட்டால் தேவையில்லை என்றுதான் சொல்லும். மறுபிறவிச் சுழலில் மரம் செடிக்கே இடமில்லை, ஊசிக்கு ஏது? எட்டாம் நூற்றாண்டில் சீனத்துத் தியான்தாய் மரபின் ஜான்ரான் (711–782) இதை மறுத்தார். புத்த இயல்பு எங்கும் நிறைந்தது என்றால் சுவரையும் கல்லையும் மட்டும் எப்படி ஒதுக்குவது என்று வாதாடினார். ஜப்பானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முரோமாச்சி காலத்து ‘சுகுமோகாமி’ ஓவியச் சுருள்களில், ஆண்டிறுதிச் சுத்தத்தின்போது வீசியெறியப்பட்ட பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் கோபம் கொண்டு பேய்களாகி மனிதர்களைப் பழிவாங்குகின்றன. பிறகு மனம் திருந்தி, ஷிங்கோன் பௌத்த நெறியில் சேர்ந்து, புத்தநிலையும் அடைகின்றன!

ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் நமக்கு இதெல்லாம் புதிதா என்று தோன்றலாம். ஒரு வித்தியாசம் உண்டு. நாம் கும்பிடுவது நாளை மறுபடி ஓடவேண்டிய மிஷினை. ஒடிந்த ஊசி குப்பைக்குத்தான் போகிறது. அசகுசாவில் கும்பிடு வாங்கும் ஊசியால் இனி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது வரம் தராது, நன்றி சொன்னது அதன் காதில் விழப்போவதும் இல்லை. அதனாலேயே அந்தக் கும்பிடு கொஞ்சம் சுத்தமானது என்று சொல்லத் தோன்றுகிறது. தூக்கியெறிவதன் குற்ற உணர்வைக் கழுவிக்கொண்டு புது ஊசி வாங்கப் போகும் தந்திரம் இது என்று ஒருவர் கேலி செய்தால், அதையும் முழுசாகத் தள்ள முடியாது.

பௌத்தத்துக்குள்ளேயே இதைவிடக் கறாரான பதில் ஒன்று இருக்கிறது. கோசாம்பி அரசன் உதயணன் (‘பெருங்கதை’யின் நாயகனாகத் தமிழுக்குப் பழக்கமானவன்தான்), தன் அந்தப்புரப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு 500 மேலாடைகளைக் கொடுத்துவிட்டதை அறிந்து, இத்தனையையும் வைத்து என்ன செய்வீர் என்று கேட்டதாகப் பிக்குகளின் ஒழுக்க நூலான விநய பிடகம் சொல்கிறது. ஆடை நைந்துபோன பிக்குகளுக்குக் கொடுப்போம் என்றார் ஆனந்தர். பழையவை? விரிப்பாகும். அதுவும் பழசானால்? மெத்தை உறை, பிறகு தரைவிரிப்பு, பிறகு கால்மிதி, பிறகு தூசி துடைக்கும் துணி. கடைசியில் கிழித்து மண்ணோடு பிசைந்து தரை பூசுவோம். இதில் நன்றி என்ற பேச்சே இல்லை. கும்பிட்டு அனுப்பிவைக்க மிச்சம் ஏதாவது இருந்தால்தானே? பழைய சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி, அந்தச் சேலைகளையே அடுக்கிக் காந்தா விரிப்பு தைத்த வங்கத்துப் பெண்களும் ஆனந்தர் கட்சிதான்.

ஆனால் ஆனந்தரின் கணக்கு பருத்திக்கும் பட்டுக்கும் கம்பளிக்கும் சரி. இன்று ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் வாங்கும் நூலில் அக்ரிலிக் நிறைய. எம்பிராய்டரி நூலில் பாலியெஸ்டர் கணிசம். மண்ணில் பிசைந்தாலும் மக்காது. ஊசியில் கோக்க எட்டாத இரண்டு அங்குலத் துண்டுகளைத் தூக்கிப்போட மனம் வராமல் கண்ணாடி ஜாடியில் சேர்ப்பவர்கள் உண்டு. ஜாடி நிறைந்ததும் சிலர் அதை அப்படியே பின்குஷனுக்குள் அடைத்துத் தைத்துவிடுகிறார்கள். அதன்மேல் புது ஊசி குத்தி நிற்கிறது.