தேய்மானத்தில் முறை

சுமையைச் சமமாகப் பங்கிட்டுவிட்டால் நீதி நிறைவேறிவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குடும்பத்திலும் சங்கத்திலும் எழும் தகராறுகளுக்கு 'முறை வைத்துக்கொள்ளலாம்' என்பதே நாம் காணும் எளிய தீர்வு. முறை என்னும் சொல்லே தமிழில் தடவை எனவும் நீதி எனவும் இருபொருள் தருவதால், இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் இயல்பாகவே வந்துவிடுகிறது. இம்மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ள, நம் அன்றாட வாழ்விலிருந்து வெகு தொலைவிலுள்ள ஒரு சிறு வேலையை எண்ணிப் பார்ப்போம். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டயர்களை இடம் மாற்றிப் பூட்டும் வேலை அது.

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் கார் தயாரிக்கப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை அங்கிருந்து வெளிவந்தன. இன்றும் ஆர்வலர் பலர் அவற்றைப் பேணி ஓட்டி வருகின்றனர். எஞ்சின் முன்னே இருக்கிறது. அதன் விசையோ பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. முன் சக்கரங்கள் வண்டியைத் திருப்புகின்றன. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் அதில் பெரும்பங்கைத் தாங்குவதும் அவையே. ஆகவே அவை ஓரங்களில் தேய்கின்றன. பின் சக்கரங்களோ வண்டியைத் தள்ளுவதிலேயே தம் ரப்பரை இழக்கின்றன. இவ்வேறுபாட்டைச் சமன்செய்யவே, ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பின் டயர்களை நேரே முன்னுக்கும், முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் பின்னுக்கும் கொண்டுவருவர். ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர்களாயின் பக்கம் மாற்றாமல், முன்னும் பின்னுமாக மட்டும் மாற்றுவர். சாலை தான் கேட்கும் ரப்பரை விட்டுக்கொடுப்பதில்லை. எந்த டயர் எவ்விடத்தில் அதனைக் கொடுக்கிறது என்பதே மாறுகிறது.

இவ்வேலையை விரும்பாத அனுபவசாலிகளும் உண்டு. அவர்கள் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. ஒரு டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், வீல் அலைன்மெண்ட் பிசகியிருக்கிறது, அல்லது அச்சைத் தாங்கும் பாகங்களில் ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது என்று பொருள். தேய்மானம் ஒரு சாட்சி. அதனை வாசிக்காமல் டயரை மட்டும் இடம் மாற்றிவிடுபவர், ஒரு டயருக்கு நேர்ந்த கேட்டை நான்குக்கும் பகிர்ந்து கொடுத்தவர் ஆகிறார். நான்கும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குக் குறையேதும் தெரியாது. கோணல் மட்டும் அப்படியே இருக்கும்.

நம் இல்லங்களில் நடப்பதும் இதுவன்றோ? ஒரு மருமகள் மட்டும் களைத்து நைந்து போகிறாள் என்றால், வேலைகளை மற்றவர்க்கும் முறைவைத்துப் பிரிப்பது நல்லதே. ஆயினும் அவள் ஏன் நைந்தாள், அந்த வீட்டில் எது பிசகியிருக்கிறது என்று கேளாமல் பிரித்தால், நைவது அனைவருக்கும் பொதுவாகும், அவ்வளவே. வயது முதிர்ந்த தாயை மாதம் ஒரு பிள்ளை வீட்டில் என்று வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இன்னொன்றையும் கவனிக்கிறோம். டயர்களை மாற்றும்போது சுமப்பவை இடம் பெயர்கின்றன; வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இங்கோ சுமப்பவர் தத்தம் வீட்டில் அசையாது இருக்க, எண்பது வயதில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுபவர் அந்தத் தாய்.

சமமாக்குதல் எங்கும் இயலுவதும் அன்று. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 911 டர்போ காரில் முன் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பின் டயரின் அகலம் 215. அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் அப்பால் அமைந்திருப்பதால் பின்புறமே அதிக பாரம் சுமக்கிறது. அதற்கேற்ப அகன்ற டயர்களைக் கொடுத்திருக்கின்றனர். முன்னதைப் பின்னுக்கு மாற்ற வழியில்லை. பின் டயர்கள் விரைந்து தேயும். அவற்றைத்தான் முதலில் புதிதாக வாங்க வேண்டும். பகிர்வு நீதி என்பது எண்ணிக்கைச் சமம் அன்று, தகுதிக்கு ஏற்ற விகிதச் சமம் என்று அரிஸ்டாட்டில் வகுத்ததும், புனித தோமா அக்குவினாஸ் அதனை ஏற்று விளக்கியதும் இத்தகைய வேறுபாட்டை எண்ணியே எனலாம். அகன்ற டயருக்கு அதிகச் சுமை என்பது அநீதி அன்று. ஒடுங்கிய டயரின் மீது அதே சுமையை ஏற்றுவதே அநீதி.

இனி, சுமக்காமலே இருக்கும் ஐந்தாவது சக்கரத்துக்கு வருவோம். நம் ஊர் மெக்கானிக்குகள் அதனை ஸ்டெப்னி என்பர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. அப்பெயர் இங்கிலாந்தில் பெரும்பாலும் மறைந்துவிட, நம் பட்டறைகளில் இன்றும் வாழ்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் ஸ்டெப்னி, மற்ற நான்குக்கும் நிகரான முழு அளவுச் சக்கரமே. சாலையைத் தொடாததால் அதன் வரிப்பள்ளங்கள் புதுமை மாறாமல் இருக்கும். ஆனால் ரப்பர் ஓடாவிட்டாலும் முதுமை அடைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனால் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் கண்டு, வேகத்தில் திடீரென்று பிளக்கக்கூடியதாகிறது. ஆகவேதான் டயரின் பக்கவாட்டில், 2000 முதல், அது உருவான வாரத்தையும் ஆண்டையும் நான்கு இலக்கங்களில் பொறிக்கின்றனர். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் பத்து ஆண்டுகளில் கழித்துவிடவும் தயாரிப்பாளர் பலர் அறிவுறுத்துகின்றனர்.

ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பழைய காருக்கு இடமாற்றத்தின் நாள் வருமுன்னே முதுமை வந்துவிடுகிறது. அதன் உரிமையாளர் டயர்களை மாற்றி மாற்றிப் பூட்டுவதைவிட, வாரந்தோறும் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டுவதே மேல். புதிதாக ஐந்து டயர் வாங்கும் அன்றே ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்ளட்டும். இருபது ஆண்டு இருட்டில் கிடந்ததைத் தூசி தட்டிச் சேர்க்க வேண்டாம். அதன் காலம் கடந்துவிட்டது.