காணாததும் இல்லாததும்

வானம் பொய்த்த ஆண்டுகளில் எங்கள் குளத்தூர்க் கரிசலில் இருவகைப் பேச்சு எழும். “இனி மழையே இல்லை” என்பார் ஒருவர். கீழ்வானில் சிறிது கருமை தென்பட்டதும், “மழை இறங்கிவிட்டது” என்பார் மற்றொருவர். காணாததை இல்லை என்பதும், விரும்பியதைக் கண்டேன் என்பதும் மனித மனத்தின் பழைய பிழைகள். இவ்விரண்டுக்கும் நடுவே நேர்மையோடு நிற்பது எவ்வாறு?

பிஸ்மத் என்னும் உலோகம் சிதையாத ஒன்றாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பிரான்சின் ஓர்சே நகர ஆய்வாளர்கள், பிஸ்மத் அடங்கிய படிகத்தைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகே குளிர்வித்து, ஓரணு சிதைகையில் எழும் நுண்ணிய வெப்பத்துக்காகக் காத்திருந்தனர். ஐந்து நாட்களில் 128 சிதைவுகள் பதிவாயின. 2003-இல் உலகம் இதனை அறிந்தது. அதன் அணுக்களில் பாதி சிதைய ஏறத்தாழ 1.9 இலட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல்! ஓரணுவை அத்தனை காலம் பார்த்திருக்க இயலாது; எண்ணற்ற அணுக்களை ஒருசேரப் பார்த்திருக்கலாம் அன்றோ?

தமிழர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய அறிஞரும் 1980-இல், 2,300 மீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்பை அடுக்கி, அதனுள் ஒரு புரோட்டானேனும் சிதையுமா என்று நோக்கினர். வானிலிருந்து பொழியும் கதிர்களின் இரைச்சலைத் தவிர்க்கவே அத்தனை ஆழம். சிதைவாக இருக்கலாம் எனச் சில தடயங்கள் அறிவிக்கப்பட்டன; பின்வந்த பெரிய ஆய்வுகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. ஆயினும், புரோட்டான் சிதையவே சிதையாது என்று அறிவியல் தீர்ப்பெழுதவில்லை. “சிதையுமாயின், இவ்வளவினும் அரிது” என்று மட்டுமே சொல்கிறது.

நாமோ நம் இல்லத்திலும் ஊரிலும் உள்ள ஒருவரைச் சில நாட்களே பார்த்துவிட்டு, “இவன் திருந்தவே மாட்டான்” என்று தீர்ப்பிடுகிறோம். எத்தனை காலம் பார்த்தோம்? நம் சினத்தின் இரைச்சலை விட்டு எவ்வளவு ஆழம் இறங்கிப் பார்த்தோம்? அதற்காக, வராத மாற்றத்தை வந்ததாகப் பாராட்டுவதும் அன்பாகாது. அது அவனையே ஏமாற்றுவதாகும். “இன்னும் காணவில்லை, பார்த்திருக்கிறேன்” என்பதே அன்பும் உண்மையும் ஒருங்கே பேசும் சொல்.

புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் எங்கள் உழவனுக்கு இச்சொல் புதிதன்று. மழை வந்ததாக அவன் சொல்வதில்லை. வராது என்றும் சொல்வதில்லை. விதை மட்டும் மண்ணுள் இருக்கிறது.