கொட்டாங்குச்சி பஸ்

விளையாட்டு என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ஒரு மட்டமான அர்த்தத்திலேயே உபயோகிக்கிறோம். 'விளையாட்டுப் புத்தி' என்றால் பொறுப்பில்லாதவன் என்று பொருள். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. கதை எழுதிப் பிழைக்கும் என்னிடமே, "உருப்படியாக வேறு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஐந்து வயதுப் பையனிடம் கற்றுக்கொண்டேன்.

அந்த ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. அதைப் பார்க்கவென்று அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், பாதியில் நின்றுபோன ஒரு நாவலிடமிருந்து தப்பி ஓடியிருந்தேன். லாரி ஓட்டும் தகப்பன் ஒருவனின் கதை அது. என் தகப்பனாரும் லாரி டிரைவர்தான்.

அக்கா மகளின் புருஷனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒரு முறை வருவான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவான். அவன் பஸ் ஏறிய மறுநாள் காலையில், பையன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கயிறு கட்டிய ஒரு கொட்டாங்குச்சியைத் தெருவில் எறிந்தான். "அப்பா பஸ் போயிடுச்சு" என்றான். சற்றுப் பொறுத்துக் கயிற்றை இழுத்தான். "அப்பா வந்துட்டாரு!" மறுபடியும் எறிந்தான். ஒரு மணி நேரம் இதே வேலை.

எனக்கு மனசு கேட்கவில்லை. தெருவில் கிடந்த கொட்டாங்குச்சியில் ஒரு மிட்டாயைப் போட்டு வைத்தேன். அவனோ என்னை முறைத்துப் பார்த்தான். "இன்னும் பஸ்ஸே வரல தாத்தா" என்று இறங்கி வந்து, அதை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

ஏறக்குறைய இதே விளையாட்டைத் தம் பேரன் ஆடியதாக ஃபிராய்ட் எழுதியிருக்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தை. நூல் கட்டிய மர உருளையைத் திரை போட்ட கட்டிலுக்குள் எறிந்து, 'போச்சு' என்பதுபோல் ஒரு சத்தம் போடும். இழுத்தெடுத்து, 'இதோ' என்று மகிழும். தாய் வெளியே போவதைத் தடுக்க அதனால் முடியாது. விளையாட்டிலோ, அவளை அனுப்புவதும் அழைப்பதும் அதன் கையில். தனக்கு நேர்ந்த துன்பத்தைத் தானே நடத்தும் காரியமாக அது மாற்றிக்கொண்டது என்பது ஃபிராய்ட் தரும் விளக்கங்களில் ஒன்று. அந்தப் புத்தகம் வெளிவந்த 1920-ஆம் ஆண்டிலேயே அந்தத் தாய், ஃபிராய்டின் மகள், காலமானாள்.

அதற்கு முன்பே, 1907-இல் வியன்னாவில் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில், குழந்தையின் விளையாட்டுதான் பெரியவனானதும் பகற்கனவாகிறது, எழுத்தாளன் அந்தக் கனவுக்கு மெருகு கொடுக்கிறான் என்ற பொருளில் அவர் பேசினார். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். பகற்கனவுக்கு என்னிடம் குறைச்சலே இல்லை. நின்றுபோன நாவலுக்குப் பரிசு கிடைப்பதாக எத்தனையோ இரவுகள் கனவு கண்டேன். ஒரு வரி நகரவில்லை. கனவில் கேட்டதெல்லாம் உடனே கிடைத்துவிடுகிறது. விளையாட்டில் கயிறு சிக்கும், கொட்டாங்குச்சி உடையும், பஸ் வருவதற்கென்று ஒரு நேரம் உண்டு. மிட்டாயை மறுத்தானே, அந்தக் கண்டிப்பு கனவுக்குக் கிடையாது.

குழந்தை வைத்தியராக இருந்து மனப்பகுப்பாளரான ஆங்கிலேயர் வின்னிகாட், 1971-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் இந்த வித்தியாசத்தை வற்புறுத்துகிறார். மனசுக்கும் வெளியுலகத்துக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் விளையாட்டு நடக்கிறது; சிருஷ்டியும் அங்கேதான் நடக்கிறது என்கிறார். குழந்தை அங்கே போக வேண்டுமானால், நம்பிக்கைக்குரிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குறுக்கே வரக் கூடாது. பையனின் தாய் உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது போதும். என் மிட்டாய்தான் குறுக்கே வந்தது.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்ததை அவள் பார்த்துவிட்டாள். "ஏன் மாமா, எங்க கஷ்டமும் உங்களுக்குக் கதைதானா?" என்றாள்.

சுருக்கென்றது. தன் துக்கத்தை வைத்து விளையாடக் குழந்தைக்கு உரிமை உண்டு. இன்னொருவர் துக்கத்தை வைத்து விளையாட எனக்கு என்ன உரிமை?

மறுநாள் படுகளம். மண்ணால் செய்து கிடத்தியிருந்த துரியோதனனின் பெரிய உருவத்தருகே, காந்தாரி வேஷக்காரர் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். சுற்றி நின்ற பெண்கள் தேம்பினார்கள். வேஷம் கலைத்த பின் டீக்கடையில் அவரைப் பிடித்து, அது யாருடைய அழுகை என்று கேட்டேன். "அழறது காந்தாரிங்க. கண்ணீரு மட்டும் என்னுதுங்க" என்றார்.

அதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. பிறர் துக்கத்தை எழுதலாம். ஆனால் அதில் நம்முடைய கண்ணீரும் செலவாக வேண்டும். செலவாகாவிட்டால் அது வெறும் வேடிக்கை பார்ப்பதுதான்.

புறப்படும்போது அக்கா மகளிடம், எழுதட்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்தாள். "எழுதுங்க மாமா. ஆனா அவன் அழுதான்னு மட்டும் எழுதிடாதீங்க. அவன் அழல."

வீட்டுக்கு வந்து நாவலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் அந்த லாரிக்காரத் தகப்பனை, கை நிறையப் பண்டங்களோடு நான் வீட்டுக்கு வரவழைத்திருந்தேன். என் தகப்பனார் அப்படி வந்தவரல்ல. அந்தப் பக்கங்களை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் வராத ஓர் இரவிலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கினேன்.