திறமை என்றால் ஹலாலாகிவிடுமா?



"ஹஜ்ரத், போக்கர் அதிர்ஷ்டம் அல்ல, திறமை. காசு வைக்காமல் அடிப்படையை மட்டும் கற்றுக்கொண்டால் என்ன தவறு?" இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

அதில் திறமை இருப்பது உண்மைதான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் போக்கர், ரம்மி இரண்டும் திறமை விளையாட்டுகள் என்றே சொன்னது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நாட்டுச் சட்டம் மாறிக்கொண்டிருக்கும். குர்ஆன் 'மைஸிர்' என்று எதைத் தடுத்தது என்பதே நம் கேள்வி.

ஆரோவில்லிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். அங்கே உழைப்பவருக்கும் எதுவும் நிச்சயமில்லை. பாத்தியில் உப்பு விளைந்திருக்கும்போது ஒரு மழை பெய்தால் எல்லாம் கரைந்துவிடும். அதுவும் சூதாட்டமா? இல்லை. வெயில் கைகொடுத்தால், முன்பு இல்லாத ஒரு பொருளை அவர் மக்களுக்குத் தருகிறார். அவர் பிழைக்க யாரும் தோற்க வேண்டியதில்லை.

போக்கர் மேசையில் எதுவும் விளைவதில்லை. ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வைத்தால் இருப்பது ஆறாயிரம்தான். நடத்துபவர் பங்கை எடுத்தால் அதுவும் குறையும். ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவது, இன்னொருவர் வீட்டில் குறைந்த அரிசி. திறமை கூடினால் பறிப்பது எளிதாகிறது, அவ்வளவுதான்.

சரி, காசில்லாமல் கற்பது? கையில் இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து. விதிகள் சீக்கிரம் பிடிபடும். பிறகு கற்பது என்ன? ஒன்றுமில்லாதபோது இருப்பதாகக் காட்டுவது, எதிரில் இருப்பவரின் பயத்தைப் படிப்பது, அவர் தவறுக்காகக் காத்திருப்பது. உள்ளம் இதற்குத்தான் பழகுகிறது. அல்மாயிதா 91ஆம் வசனம் பண நஷ்டத்தைப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பகைமை, வெறுப்பு, இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பது ஆகியவற்றையே சொல்கிறது.

சூதாட வா என்று நண்பனை அழைத்தவர் ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் வருகிறது. ஆடியதற்கு அல்ல, அழைத்ததற்கே இந்தப் பரிகாரம். முதல் அடியிலேயே நம்மை நிறுத்துகிறது மார்க்கம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கடனில் சிக்கியிருந்தால் அவமானப்படுத்தாதீர்கள். பக்கத்தில் அமர்த்திப் பேசுங்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. அடுத்தவர் கண்ணீர் கலக்காத ரிஸ்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.