கலக்கப் போவதுதானே!

என் தங்கை மகன் மாமல்லபுரத்துக்கு அருகே கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை பார்க்கிறான். சாப்பாட்டு விடுதிக்கும் மதுக்கூடத்துக்கும் வேண்டிய சாமான்களை ருசி பார்த்து வாங்கிப் போடுவது அவன் பொறுப்பு. திங்கட்கிழமை அவனுக்கு விடுமுறை. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கற்பட்டில் என் வீட்டுக்கு வந்து, அத்தை கையால் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்குவான். சென்ற சித்திரையில் ஒரு திங்கட்கிழமை வந்தவன் தூங்கவில்லை.

"மாமா, நீங்க கதை எழுதறவர். மனுஷாளோட நியாய அநியாயமெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்கோ" என்று ஆரம்பித்தான்.

கதை எழுதுகிறவனுக்கு நியாய அநியாயம் தெரியும் என்று நம்பும் அப்பாவிகள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல், "சொல்லு" என்றேன்.

விஷயம் இதுதான். அவன் ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் 'பிரஞ்ச்' என்று ஒரு விருந்து நடக்கிறது. காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் ஏற்பாடு. 1895-இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர், சனிக்கிழமை இரவு கூத்தடித்துவிட்டு ஞாயிறு தாமதமாக எழுந்திருப்பவர்களின் சௌகரியத்துக்காக இதைச் சிபாரிசு செய்து பத்திரிகையில் எழுதினார். செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் எங்கள் ஊர்க் குமாஸ்தாக்களும் காலை ஏழரை மணிக்கே சாதம் சாப்பிட்டுப் பலகாரத்தையும் சாப்பாட்டையும் ஒன்றாக்கினவர்கள்தாம். அதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்த விருந்தில் ஆரஞ்சுச் சாற்றோடு நுரைக்கும் ஒயினைச் சரிபாதியாகக் கலந்து உயரமான கண்ணாடிக் கோப்பையில் கொடுக்கிறார்கள். அதற்கு 'மிமோஸா' என்று பெயர். ஆரஞ்சுக்குப் பதில் வெள்ளைப் பீச் பழத்தின் கூழைச் சேர்த்தால் 'பெல்லினி'. வெனிஸ் நகரத்தில் ஹாரிஸ் பார் நடத்திய ஜுஸெப்பே சிப்ரியானி, பழைய ஓவியர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினாராம். கலப்பதற்கு எந்த நுரை ஒயினை வாங்குவது என்பதில்தான் என் மருமானுக்குச் சங்கடம்.

மதுவைப் பற்றி இந்த மனுஷர் எழுத வேண்டுமா என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். நான் குடிக்கிறவன் அல்ல. பிறர் குடிக்க வேண்டும் என்று சொல்கிறவனும் அல்ல. ஆனால் மாமல்லபுரத்துப் பாறைகளை உலகறியச் செய்த பல்லவர் வம்சத்தில் மகேந்திரவர்மர் என்ற அரசர் ஒருவர் இருந்தார். அவர் காலத்துக் குகைக் கோயில் செங்கற்பட்டுக்குப் பக்கத்திலே வல்லத்தில் இருக்கிறது. அவர் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சிரிப்பு நாடகத்தின் நாயகனே ஒரு குடிகாரக் காபாலிகன்தான். அந்த நாடகத்தில் என் மனத்தில் தங்கியவர் குடிக்காத பிக்ஷு. புத்தர் மதுவையும் மாதரையும் நிச்சயம் அனுமதித்திருப்பார், கிழட்டுப் பிக்ஷுக்கள்தாம் பொறாமையால் அதை நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அவர் தமக்குள் எண்ணிக்கொள்கிறார். யாரும் பார்க்காத இடத்தில் மனிதன் எப்படி இருக்கிறான் என்பதுதான் அரசருக்கும் அக்கறையாக இருந்திருக்கிறது. என் மருமானின் கேள்வியும் அங்கேதான் வந்து நின்றது.

முதலில் எனக்குப் பாடம் நடத்தினான். பிரான்ஸின் வடகிழக்கே ஷாம்பேன் என்ற பிரதேசத்தில் விளைந்து உருவானதற்குத்தான் ஷாம்பேன் என்று பெயர். ஒயினைப் புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. வெளியே போக வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைந்து, மூடியைத் திறந்ததும் நுரையாகப் பொங்குகிறது. குறைந்தது 15 மாதங்களாவது அந்தச் சரக்கு நிலவறையில் கிடக்க வேண்டும். ஸ்பெயினில் இதே முறையில் செய்வது காவா. அதற்கு 9 மாதங்கள் போதும். இத்தாலியின் ப்ராஸெக்கோவுக்குப் பெரும்பாலும் பெரிய எஃகுத் தொட்டியிலேயே நுரை ஏற்றிவிடுகிறார்கள். அதனால் விலை குறைவு. பழவாசனையும் தூக்கலாக இருக்கும். நம் நாட்டிலும் நாசிக் பக்கத்துத் திராட்சையில் நுரை ஒயின் தயாராகிறது.

"அப்போ மிமோஸாவுக்கு ஷாம்பேன்தான் உசத்தியா?" என்று கேட்டேன்.

"அதுதான் மாமா தப்பு. பதினைஞ்சு மாசம் காத்திருந்து வந்த நுட்பமெல்லாம் ஆரஞ்சுப் புளிப்பிலே அடிபட்டுப் போயிடும். அதுலே அதைக் கலக்கறது பணத்திமிர்."

சாற்றிலேயே சர்க்கரை இருப்பதால் ஒயினில் தித்திப்புக் குறைவாக இருக்க வேண்டும். புட்டியில் 'ப்ரூட்' என்று போட்டிருந்தால் லிட்டருக்குப் 12 கிராமுக்கு உட்பட்ட சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் சர்க்கரையே இல்லை என்று எண்ணி ஏமாறக் கூடாது. அதில் 12 முதல் 17 கிராம் வரை இருக்கும். ஆகவே, நடுத்தர விலையில், சுத்தமான மணமுள்ள, நுரை நிற்கிற ஒரு ப்ரூட். நன்றாகக் குளிர வைத்தது. உடனே பிழிந்த ஆரஞ்சுச் சாறு. இவ்வளவுதான் வேண்டும்.

"பின்னே வாங்க வேண்டியதுதானே? எங்கே சங்கடம்?"

அவனுடைய மேலதிகாரி வேறு ஒரு சரக்கைச் சல்லிசாகப் பேசி வைத்திருந்தார். கோடை முழுவதும் தகரக் கொட்டகையில் வெந்து கிடந்த புட்டிகள். நுரை சோர்ந்து, வாடின ஆப்பிளின் வாசனை. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் தனியாக ஒரு வாய் குடிக்க முடியாது. "கலக்கப் போவதுதானே, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று அவர் கேட்டாராம். மருமான் விடவில்லை. நல்ல ஒயினையும் சோர்ந்த ஒயினையும் தனித்தனியே சாற்றில் கலந்து, ஹோட்டல் சிப்பந்திகள் ஆறு பேருக்குக் கொடுத்துப் பார்த்தான். நாலு பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"அவர் சொன்னதுதான் மாமா நிஜம். யாருக்கும் தெரியலை. அப்புறம் ஏன் எனக்கு மனசு ஒப்பலை? நான்தான் பைத்தியமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "இட்லிக்குச் சீரகச் சம்பா போடறவளைக் கெட்டிக்காரின்னு யாரும் சொல்லமாட்டா. அதுக்காகப் புழுத்த அரிசியைப் போடலாமா?" சமையலறையிலிருந்து வரும் தத்துவம் இப்படித்தான் நாலு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. எனக்குத்தான் நாலு பக்கம் வேண்டியிருக்கிறது.

கச்சேரியில் தம்புராவை யாரும் கேட்க வருவதில்லை. பின்னால் உட்கார்ந்து மீட்டுகிறவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அதற்காகத் தம்புராதானே என்று சுருதி சேர்க்காமல் விடும் வித்துவான் உண்டா? மிமோஸாவில் ஒயினின் இடமும் அதுதான். எளிய தம்புரா போதும். சுருதி சேர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த உவமை மருமானின் கேள்விக்கு விடையாகாது. சுருதி விலகினால் சபையில் பாதிப்பேருக்காவது காது உறுத்தும். இங்கே ஆறில் நாலு பேருக்கு ஒன்றுமே தெரியவில்லையே! தெரியாதவனுக்கு என்ன நஷ்டம்?

அன்று சாயங்காலம் அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, சாலையோரத்தில் ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு ஆசையாக இருந்தது. ஆளுக்கு ஒரு பட்டை கேட்டேன். அவர் பானையில் கொஞ்சம் மொண்டு வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "வேணாங்க. புளிப்புத் தட்டிடுச்சு. நாளைக்குக் காலையில வாங்க" என்றார். மீதியிருந்ததை வேலியோரம் கொட்டிவிட்டுப் பானையைக் கவிழ்த்தார்.

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். ஈஸ்ட் வந்து சேர்ந்து, சர்க்கரையைத் தின்று, அதே கரியமில வாயுவை விட்டு நுரைக்க வைக்கிறது. ஷாம்பேனில் நடப்பதும் இதுதான். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கடல் கடந்து வந்த நுரைக்கு ஹோட்டலில் கண்ணாடிக் கோப்பை. இதன் நியாயத்தைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதலாம். அன்று என்னைத் தொட்டது அந்தப் பனையேறி வாயில் ஊற்றிப் பார்த்த அந்த ஒரு மிடறு. கொஞ்சம் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியாது என்பதனால்தான் அவர் எனக்காக ருசி பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விடை புலப்பட்டது. கலந்து கொடுக்கப்படும் எதையும் வாங்குகிறவன் பிரித்துப் பார்க்க முடியாது. சாம்பாரில் எந்தப் பருப்பு, மருந்தில் எந்தச் சரக்கு, மிமோஸாவில் எந்த ஒயின் என்று அவனால் சொல்ல முடியாது. அவனுக்காக வேறொருவன் பார்த்திருப்பான் என்று நம்பித்தான் காசு கொடுக்கிறான். அந்தக் காசில் ஒரு பங்கு பண்டத்துக்கு. ஒரு பங்கு, அவனுக்குப் பதிலாகச் சுவைத்துப் பார்த்த நாக்குக்கு. பார்த்தவன் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டால், விலை கொடுத்து வாங்கியது கோப்பையில் இல்லை. குடித்தவனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். களவு போனது தெரியாததனால் களவு இல்லை என்றாகிவிடுமா?

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2023 மே மாதம் இதே கடற்கரையில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், எங்கள் மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்திலும், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்றாடக் கூலிக்காரர்கள். அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தவன் மனத்திலும், 'கலந்தால் யாருக்குத் தெரியும்?' என்ற வாக்கியம்தானே ஓடியிருக்கும்? சோர்ந்த ஒயினும் விஷமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஒன்று அற்பத்தனம், மற்றது கொலை. இரண்டுக்கும் நடுவே வெகு தூரம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இதையெல்லாம் மருமானிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். பதினோராவது வாரம் எழுத உட்கார்ந்தபோது வீட்டில் கல்யாண வேலை, மனம் ஓடவில்லை. நடு அத்தியாயம்தானே, முன்னும் பின்னும் நன்றாக இருந்தால் இது கரைந்துவிடும் என்று எண்ணி, பழைய கதையொன்றில் இருந்த ரயில் பிரயாணத்தைக் கொஞ்சம் மாற்றி நுழைத்து அனுப்பிவிட்டேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர்கள் வழக்கம்போல் பேஷ் என்றார்கள். ஒரே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வயதான அம்மாள் என்பது கையெழுத்திலேயே தெரிந்தது. 'இந்த வாரம் படித்தபோது தங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருந்தது. நன்றாக ஓய்வு எடுத்துக்கொள்ளவும்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நான் ஏமாற்றியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆறு பேரில் வித்தியாசம் தெரிந்த இரண்டு பேரில் அவர் ஒருவர். தெரிந்தும் என்னைச் சந்தேகிக்காமல் என் உடம்பைச் சந்தேகித்தார்.

பஸ் வந்தது. "என்ன மாமா, பதிலே சொல்லலியே?" என்றான். "நீ பைத்தியமில்லே. எதைத் தனியாக் குடிக்க உனக்கே மனசு வரலியோ அதைக் கலந்து கொடுக்காதே. வேலை போனா இங்கே வந்துடு" என்றேன்.

வேலை போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை வந்து சொன்னான்: நாசிக் ப்ரூட் ஒன்றை வாங்கியாகிவிட்டது, கணக்கு இடிப்பதாக மேலதிகாரி இன்னும் முணுமுணுக்கிறார். விலைப்பட்டியலில் 'ஷாம்பேன்' என்று இருந்ததையும் அடித்து, 'நுரை ஒயின்' என்று உள்ளதை எழுத வைத்திருக்கிறான். விருந்துக்கு வந்தவர்களில் ஒருவரும் எதையும் கவனித்துச் சொல்லவில்லையாம்.

என் தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்தப் பதினோராம் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினேன். அதையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கடிதம் எழுதிய அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று தேடிப் பார்த்தேன். அவர் விலாசம் எழுதவில்லை.